அம்பாசிடர் எஞ்சினில் டெக் ஹைட்டை அளப்பது எப்படி?

கடலூர் முதுநகரிலிருந்து வந்த கேள்வி இது. வீட்டுப் பெரியவர் ஓட்டிய அம்பாசிடர் மார்க் 3, 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சின். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் வந்தபோது ஷெட்டுக்குள் தண்ணீர் ஏறிவிட்டது. வடிந்த பிறகு யாரோ சாவியைப் போட்டுத் திருப்ப, எஞ்சின் 'டொக்' என்று ஒரு தடவை இடித்துவிட்டு நின்றுபோனது. இப்போது பிரித்தாகிவிட்டது, 40 சைஸ் பிஸ்டன் (முதல் அளவைவிட 40 தௌ பெரியது; ஒரு தௌ என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வாங்கி, அதற்கேற்பச் சிலிண்டரைப் பெரிதாக்கும் ரீபோரும் முடிந்தது. லேத் பட்டறைக்காரர் "பிளாக் முகத்துல 20 தௌ எடுத்துடலாம், பளிச்சுனு ஆயிடும்" என்கிறார், அதாவது ஹெட் உட்காரும் மேல் பரப்பைச் சீவிவிடலாம் என்று. பிஸ்டன் விற்ற கடைக்காரர் "டெக் ஹைட் பார்க்காம எடுக்காதீங்க" என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது, அதை வீட்டிலேயே அளக்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

கடைக்காரர் சொல்வதைக் கேளுங்கள். வீட்டிலேயே அளக்க முடியும். ஒரு டயல் கேஜ் (நுண்ணிய உயர வித்தியாசத்தை முள்ளால் காட்டுவது), அதைப் பிடிக்க மேக்னடிக் ஸ்டாண்டு, நேரான ஸ்டீல் ஸ்கேல், ஃபீலர் கேஜ் செட் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) இருந்தால் போதும். பிளாக் முகத்தில் எடுத்த இரும்பைத் திருப்பி ஒட்ட வழியில்லை. அதனால் எடுப்பதற்கு முன்னால் ஒரு முறை, எடுத்த பிறகு ஒரு முறை, இரண்டு தடவையும் நீங்களே அளக்க வேண்டும் என்பதுதான் என் பதிலின் சாரம். உங்கள் வண்டியில் இதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. அந்த 'டொக்' சத்தம் எனக்குச் சரியாகப் படவில்லை. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். டெக் ஹைட் என்ற பெயரில் பட்டறைகளில் இரண்டு அளவுகளைச் சொல்கிறார்கள். ஒன்று, கிராங்க் ஷாஃப்ட்டின் மையக் கோட்டிலிருந்து பிளாக்கின் மேல் முகம் வரை உள்ள உயரம். இது பிளாக்கின் சொந்த அளவு. இன்னொன்று, பிஸ்டன் உச்சிக்கு வந்து நிற்கும்போது அதன் தலைக்கும் பிளாக் முகத்துக்கும் உள்ள இடைவெளி. ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே வைக்கும் ஹெட் கேஸ்கெட், கம்ப்ரஷன் (சிலிண்டரில் கலவை எத்தனை மடங்கு நசுக்கப்படுகிறது என்பது) எல்லாவற்றையும் முடிவு செய்வது இந்த இரண்டாவது அளவுதான். பட்டறையில் பேசும்போது எதைச் சொல்கிறீர்கள் என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள். நான் முதலாவதை பிளாக் உயரம் என்றும் இரண்டாவதை டெக் இடைவெளி என்றும் எழுதுகிறேன்.

இரண்டுக்கும் உள்ள கணக்கு எளிது. ஸ்ட்ரோக்கில் பாதி, கனெக்டிங் ராடின் நீளம், அந்த ராடை பிஸ்டனோடு இணைக்கும் பிஸ்டன் பின்னின் (pin) மையத்திலிருந்து பிஸ்டன் தலை வரை உள்ள உயரம், இவற்றோடு டெக் இடைவெளியையும் கூட்டினால் பிளாக் உயரம் வந்துவிடும். உங்கள் எஞ்சின் பி.எம்.சி. பி சீரிஸ் வகை. ஸ்ட்ரோக் 88.9 மி.மீ., அதில் பாதி 44.45. ராடு நீளம் ஆறரை அங்குலம், அதாவது 165.1 மி.மீ. பிஸ்டனின் இந்தப் பின் (pin) உயரத்தை மட்டும் புத்தகத்தில் தேடாதீர்கள். மாற்று பிஸ்டன்கள் எல்லாம் ஒரே உயரத்தில் வருவதில்லை, கையில் இருப்பதை அளந்துதான் ஆக வேண்டும். பின் துளையின் மேல் விளிம்பிலிருந்து தலை வரை வெர்னியரில் எடுத்து, துளை விட்டத்தில் பாதியைக் கூட்டுங்கள். நான்கு பிஸ்டனையும் அளங்கள். நல்ல செட்டில் நான்கும் ஒன்றுபோல் இருக்கும். ஒன்று மட்டும் 0.1 மி.மீ. தள்ளி நின்றால் அந்தக் கடைக்கே திரும்பிப் போய் மாற்றிக்கொள்ளுங்கள்.

இனி பிளாக் முகம். பழைய கேஸ்கெட் ஒட்டை முழுக்கச் சுரண்டி எடுங்கள். ஹெட் ஸ்டட்களைக் கழற்றுங்கள். ஸ்டட் துளையைச் சுற்றிப் பாருங்கள்: பல வருடம் ஸ்டட் இழுத்த இழுப்பில் துளையின் வாய் லேசாக மேலே எழும்பியிருக்கும். விரல் நுனியால் தடவினால் தெரியும். அந்த எழும்பலின் மேல் ஸ்கேலை வைத்தால் முகம் முழுவதும் கோணலாகத் தோன்றும். ஒரு கவுண்டர்சிங்க் பிட்டைக் கையால் இரண்டு சுற்று சுற்றி வாயை மட்டும் வெட்டிவிடுங்கள், அல்லது எண்ணெய்க் கல்லால் தேய்த்துச் சமப்படுத்துங்கள். முன்பே ஸ்லீவ் போட்ட பிளாக் என்றால் ஸ்லீவின் விளிம்பு முகத்தோடு சமமாக நிற்கிறதா என்றும் பாருங்கள். மேலே நின்றால் ஸ்கேல் ஆடும். கீழே இறங்கியிருந்தால் அந்த இடத்தில் கேஸ்கெட்டுக்குப் பிடி இருக்காது.

அப்புறம் ஸ்கேலை நீளவாக்கில், குறுக்கில், இரண்டு மூலைவிட்டத்தில் வைத்து அடியில் ஃபீலர் கேஜ் நுழைகிறதா பாருங்கள். குறுக்கே 0.05, நீளவாக்கில் 0.1 மி.மீ.க்கு மேல் நுழைந்தால் முகத்தில் கை வைக்க வேண்டியதுதான். அதற்குள் இருந்தால், வார்ப்பிரும்பு ஹெட்டும் செம்பு கேஸ்கெட்டும் உள்ள இந்த எஞ்சினுக்கு அது போதும். முகம் 'பளிச்' என்று இருக்க வேண்டும் என்பதற்காக எடுப்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

இப்போது முக்கியமான வேலை. மெயின் பேரிங்குகளைப் போட்டு, கிராங்கை உட்கார வைத்து, கேப்களை முழு டார்க்கில் (குறிப்பிட்ட இறுக்க அளவில்) இறுக்குங்கள். நான்கு பிஸ்டன்களையும் அதனதன் ராடோடு சேர்த்து உள்ளே விடுங்கள். ரிங் செட் முழுவதும் வேண்டாம், மேல் ரிங் ஒன்று போதும். ரிங்கே இல்லாவிட்டால் பிஸ்டன் சிலிண்டருக்குள் ஆடும். எல்லா ரிங்கும் போட்டால் கிராங்கைத் திருப்புவது கடினம். ராடு கேப்களையும் டார்க்கில் இறுக்குங்கள். கையால் இறுக்கிவிட்டு அளந்தால் அந்த அளவில் பேரிங் கிளியரன்ஸும் கலந்துவிடும்.

டயல் கேஜின் முனையை முதலில் பிளாக் முகத்தில், சிலிண்டர் விளிம்புக்கு ஒட்டி வைத்து பூஜ்யம் செய்யுங்கள். தண்டு முகத்துக்குச் செங்குத்தாக இருக்க வேண்டும், சாய்ந்தால் கேஜ் உள்ளதைவிட அதிகம் காட்டும். மேக்னடிக் ஸ்டாண்டை நகர்த்தாமல் அதன் கையை மட்டும் திருப்பி முனையை பிஸ்டன் தலைக்குக் கொண்டுபோனால் சில ஸ்டாண்டுகளில் உயரம் மாறிவிடும். இதைவிட நல்ல வழி, லேத்தில் ஒரு சின்னப் பாலம் செய்துகொள்வது. கனமான பட்டைக் கம்பியின் இரண்டு முனையிலும் ஒரே உயரத்தில் கால், நடுவில் டயல் கேஜைப் பிடிக்கத் துளை, அவ்வளவுதான். பாலத்தைச் சமமான தளத்தில் வைத்து பூஜ்யம் செய்து, அப்படியே தூக்கிச் சிலிண்டருக்குக் குறுக்கே வைத்தால் நேரடியாக டெக் இடைவெளி வந்துவிடும். புதுச்சேரி தட்டாஞ்சாவடி, மேட்டுப்பாளையம் பக்கத்துத் தொழிற்பேட்டைகளில் இதைச் செய்து தரும் பட்டறைகள் தாராளமாக இருக்கின்றன. ஒரு தடவை செய்தால் காலத்துக்கும் வரும்.

பிஸ்டன் தலையில் எங்கே அளப்பது என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். பிஸ்டன் அதன் பின்னை அச்சாகக் கொண்டு இரண்டு பக்கமும் லேசாகச் சாயும். அந்த பிஸ்டன் பின், கிராங்குக்கு இணையாக, எஞ்சினின் நீளவாக்கில் கிடக்கிறது. ஆகவே சாய்வு கார்பரேட்டர் பக்கமும் எதிர்ப்பக்கமும்தான் தெரியும். பிஸ்டன் பின்னுக்கு நேர் மேலே இருக்கும் முன்பக்க விளிம்பிலும் பின்பக்க விளிம்பிலும் அது மிகக் குறைவு. அந்த இரண்டு இடத்திலும் அளந்து சராசரி எடுங்கள். தலையின் ஓரத்தில் சரித்து வெட்டிய இடத்தில் முனையை வைக்காதீர்கள், எழுத்துப் பொறித்த குழியிலும் வேண்டாம். தலையில் பள்ளம் இருந்தால் சுற்றியுள்ள சமமான விளிம்புதான் கணக்கு.

உச்சியைக் கண்டுபிடிப்பது பயப்படும் அளவுக்குப் பெரிய விஷயம் இல்லை. கிராங்கை மெதுவாகத் திருப்புங்கள். டயல் முள் ஏறி, ஒரு இடத்தில் நின்று, திரும்ப இறங்கும். நின்ற இடமே உச்சி. உங்கள் ஸ்ட்ரோக்குக்கும் ராடு நீளத்துக்கும் கணக்குப் போட்டால், உச்சியிலிருந்து கிராங்க் 1 டிகிரி தள்ளியிருந்தாலும் பிஸ்டன் இறங்குவது 0.01 மி.மீ.க்கும் குறைவு. 5 டிகிரி தள்ளினால்தான் 0.2 மி.மீ. போகும். ஆகவே முள் திரும்பும் இடத்தை நிதானமாகப் பார்த்தாலே போதும். புல்லியில் உள்ள குறியை மட்டும் நம்பிவிட வேண்டாம். எப்போதும் ஒரே திசையில் திருப்புங்கள். தாண்டிவிட்டால் அப்படியே பின்னால் இழுக்காமல், கால் சுற்று பின்னால் போய் மறுபடி முன்னால் வாருங்கள். பேரிங்கில் உள்ள இடைவெளி ஒரே பக்கம் தள்ளியிருந்தால்தான் நான்கு அளவையும் ஒன்றோடு ஒன்று ஒப்பிட முடியும்.

இன்னொன்று. வெயிலில் கிடந்த பிளாக்கை உடனே அளக்க வேண்டாம். பிளாக் உயரம் 26 செ.மீ. அளவில் இருக்கும் இந்த வார்ப்பிரும்பு, 10 டிகிரி சூடு கூடினால் ஏறக்குறைய 0.03 மி.மீ. நீளும். அது ஒரு தௌவுக்கும் மேல். டெக் இடைவெளிக்கு இது பெரிதாகப் பாதிக்காது, ஏனென்றால் உள்ளே உள்ள கிராங்கும் ராடும்கூட நீளுகின்றன. பிளாக் உயரத்தை வெர்னியரால் நேரடியாக எடுக்கும்போது பாதிக்கும். ராத்திரி முழுக்க ஷெட்டில் கிடக்கட்டும், காலையில் அளங்கள்.

நான்கு அளவும் கையில் வந்ததும் அவற்றைப் படிப்பதில்தான் விஷயமே இருக்கிறது. முதல் சிலிண்டரிலிருந்து 0.71, 0.78, 0.84, 0.90 என்று படிப்படியாக ஏறுகிறது என்று வையுங்கள். பிஸ்டன், ராடு எல்லாம் சரி. பிளாக் முகம் கிராங்குக்கு இணையாக இல்லை. யாரோ முன்பு முகம் எடுத்தபோது பிளாக்கைச் சம்ப் (அடியில் உள்ள ஆயில் தொட்டி) பக்கத்தை வைத்து மெஷினில் கட்டியிருப்பார்கள். சம்ப் முகம் கிராங்குக்கு இணை என்று எந்த உத்தரவாதமும் கிடையாது. முகம் கண்ணாடிபோல் சமமாக இருந்தும் கிராங்குக்குச் சாய்வாக இருக்கலாம், அதை ஸ்கேலும் ஃபீலர் கேஜும் காட்டிக் கொடுக்காது. பட்டறையில் கொடுக்கும்போது "மெயின் போர்ல ராடு போட்டு அதை வெச்சு லெவல் பண்ணுங்க" என்று சொல்லுங்கள். இங்கே ராடு என்பது கனெக்டிங் ராடு அல்ல, கிராங்க் உட்காரும் துளைகள் வழியே விடும் நேரான கம்பி. அப்போது 4-வது சிலிண்டர் பக்கம் அதிகமாகவும் 1-வது பக்கம் துடைத்த மாதிரியும் வெட்டப்படும். கார்பரேட்டர் பக்கமாக உள்ள சாய்வை பிஸ்டனை வைத்துப் பிடிக்க முடியாது. அதையும் அந்தக் கம்பியை வைத்தே பார்க்கச் சொல்லுங்கள்.

அதற்குப் பதில் 0.78, 0.80, 1.22, 0.79 என்று வந்தால் கதை வேறு. ஒன்று மட்டும் கீழே நிற்கிறது. உங்கள் வண்டிக்கு நான் பயப்படுவது இதற்குத்தான். சிலிண்டருக்குள் தண்ணீர் நிற்கும்போது ஸ்டார்ட்டர் போட்டால், தண்ணீர் அமுங்காது. பிஸ்டன் மேலே வர இடமில்லாமல் ராடு வளையும். வளைந்தது கண்ணுக்குத் தெரியாமலே இருக்கும், ஆனால் இரண்டு மையத்துக்கும் நடுவே உள்ள தூரம் குறைந்துவிடும். அந்த 'டொக்' அதுவாகவே இருக்கலாம். 2015 வெள்ளத்துக்குப் பிறகு கடலூரிலும் ஃபெஞ்சலுக்குப் பிறகு புதுச்சேரியிலும் பிரித்துப் பார்த்த எஞ்சின்களில் இப்படி வளைந்த ராடுகளை நானே கையில் எடுத்திருக்கிறேன். அதில் ஒன்றைப் புது பிஸ்டனோடு அப்படியே பூட்டி ஓட்டினார்கள். சில மாதத்தில் பிஸ்டன் ஒரு பக்கமாகத் தேய்ந்து, சிலிண்டரில் கீறல் விழுந்து வந்து நின்றது.

ஒன்று மட்டும் விலகினால் அது ராடா, பிஸ்டனா, கிராங்கா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். பிஸ்டன் உயரத்தை ஏற்கெனவே அளந்துவிட்டோம். ராடையும் பிஸ்டனையும் வெளியே எடுத்துவிட்டு, அந்த ராடு ஜர்னலை (ராடின் பெரிய முனை பூட்டும் கிராங்கின் உருளைப் பாகம்) உச்சிக்குக் கொண்டுவாருங்கள். சிலிண்டர் வழியாகப் பார்த்தால் ஜர்னலின் பளபளப்பு கீழே தெரியும், நடுவில் இல்லாமல் சற்றுத் தள்ளித் தெரியும். பிளாக் முகத்தில் ஒரு சமமான தகடை வைத்து, நீளமான டெப்த் வெர்னியரை இறக்கி ஜர்னலின் மேல் முதுகு வரை அளங்கள். முனை எண்ணெய்த் துளைக்குள் இறங்கிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அதில் இறங்கினால் அளவு பொய். அதோடு ஜர்னல் விட்டத்தில் பாதியைக் கூட்டினால் ஜர்னல் மையம் வரை உள்ள தூரம். இன்னும் 44.45 கூட்டினால் பிளாக் உயரம். நான்கு ஜர்னலிலும் இதைச் செய்யுங்கள். நான்கும் ஒன்றாக இருந்தால் பிளாக்கும் கிராங்கும் சரி, குற்றம் ராடில். ஒன்று மட்டும் இங்கேயே விலகினால், கிராங்க் கிரைண்டிங் செய்தபோது அந்த ஜர்னலின் மையம் நகர்ந்துவிட்டது என்று அர்த்தம்.

டெப்த் வெர்னியர் அவ்வளவு நீளமாகக் கிடைக்காவிட்டால், சந்தேகப்படும் ராடை இன்னொரு சிலிண்டரில் போட்டுப் பாருங்கள். குறையும் கூடவே போனால் ராடுதான். ஆனால் இந்த எஞ்சினில் ராடின் பெரிய முனை ஒரு பக்கம் தள்ளி வார்க்கப்பட்டிருக்கும். அதே பக்கம் தள்ளிய ராடு இருக்கும் சிலிண்டரோடு மட்டும் மாற்றுங்கள். வளைந்த ராடை நேராக்கித் தருகிறேன் என்று யாராவது சொன்னால், நான் கொடுக்க மாட்டேன். நல்ல பழைய ராடு ஒன்று தேடி வாங்கி, எடை பார்த்துப் போடுவதுதான் சரி.

சரி, 20 தௌ எடுத்தால் என்ன ஆகும்? 20 தௌ 0.51 மி.மீ. உங்கள் போர் முதலில் 73.03 மி.மீ., 40 சைஸுக்குப் பிறகு 74.04. ஒரு சிலிண்டரின் கொள்ளளவு 372 சி.சி.யிலிருந்து 383 சி.சி. ஆகிவிட்டது. இந்தப் போரில் 0.1 மி.மீ. டெக் இடைவெளி 0.43 சி.சி.க்குச் சமம். ஓர் உதாரணம் வைத்துக்கொள்வோம்: ஹெட் குழி (ஹெட்டில் உள்ள எரிப்பு அறை) 40 சி.சி., பிஸ்டன் பள்ளம் 6, அமுங்கிய கேஸ்கெட் 0.9 மி.மீ. தடிமனில் ஏறக்குறைய 4.1, டெக் இடைவெளி 0.8 மி.மீ. என்றால் 3.4. மொத்தம் 53.5 சி.சி. கம்ப்ரஷன் 8.15 வரும். 20 தௌ எடுத்தால் இடைவெளி 0.29, மொத்தம் 51.3, கம்ப்ரஷன் 8.46. இந்த எண்ணிக்கையில் ஆபத்து எதுவும் இல்லை. ஆனால் உங்கள் ஹெட் முன்பு எத்தனை முறை முகம் எடுக்கப்பட்டது என்று யாருக்குத் தெரியும்? ஹெட் குழி 40 இல்லாமல் 35 ஆக இருந்தால் இதே வெட்டு 9.27-ல் கொண்டுபோய் விடும்; நடுவெயிலில் மூன்று பேரை ஏற்றிக்கொண்டு மேம்பாலம் ஏறும்போது எஞ்சின் தட்டும். குழியைக் கண்ணாடித் தகடு வைத்து மூடி, சிரிஞ்சால் மண்ணெண்ணெய் விட்டு அளந்துகொள்ளுங்கள். அரை மணி நேர வேலை.

இன்னொரு எல்லை, பிஸ்டனுக்கும் ஹெட்டுக்கும் நடுவே மிஞ்சும் இடம். டெக் இடைவெளியோடு அமுங்கிய கேஸ்கெட் தடிமனைக் கூட்டுங்கள். ஸ்டீல் ராடு உள்ள எஞ்சினில் இது 1 மி.மீ.க்குக் கீழே போகக் கூடாது. வேகத்தில் ராடு நீளும், பேரிங் கிளியரன்ஸ் எல்லாம் ஒரே பக்கம் சேரும். கேஸ்கெட் எவ்வளவு அமுங்கும் என்பதற்கு, கழற்றிய பழைய கேஸ்கெட்டை சிலிண்டர் வளையத்தை ஒட்டி மைக்ரோமீட்டரில் அளந்தால் போதும், அதே வகையைத் திரும்ப வாங்கினால். சந்தேகம் இருந்தால் பிஸ்டன் தலையில் பின்னுக்கு நேராக, ஹெட்டின் சமமான பாகத்துக்கு அடியில் வருகிற மாதிரி சாலிடரிங் ஈயக் கம்பித் துண்டை கிரீஸ் தொட்டு ஒட்டி, பழைய கேஸ்கெட்டோடு ஹெட்டை இறுக்கி, கிராங்கை ஒரு சுற்று சுற்றிக் கழற்றுங்கள். நசுங்கிய ஈயத்தின் தடிமன்தான் உண்மையான இடைவெளி.

முகம் எடுத்தால் ஹெட்டும், அதன் மேல் வால்வுகளை அழுத்தும் ராக்கரும் அதே அளவு கீழே இறங்கும். ராக்கரைக் கீழிருந்து தள்ளும் புஷ் ராடு நீளம் அப்படியே இருப்பதால், 20 தௌ நீளமான புஷ் ராடு போட்ட கணக்காகிவிடும். டேப்பட் ஸ்குரூவில் சரிசெய்ய இடம் இருக்கிறது. ஹெட்டும் எடுத்திருந்தால், ராக்கர் ஸ்டாண்டுக்கு அடியில் மெல்லிய தகடு வைத்து உயர்த்துவது நல்லது.

என் கருத்தைக் கேட்டால்: நான்கு அளவும் 0.05-க்குள் ஒன்றாக வந்து, ஃபீலர் கேஜும் நுழையாவிட்டால் முகத்தை விட்டுவிடுங்கள். சாய்வு இருந்தால் சாய்வு போகும் அளவுக்கு மட்டும் எடுங்கள். கம்ப்ரஷன் கூட்டுவதற்காக இந்த பிளாக்கை வெட்ட வேண்டாம். இனி புது பிளாக் வரப்போவதில்லை. அம்பாசிடர் உற்பத்தி 2014-லேயே நின்றுவிட்டது. அடுத்த தடவை முகம் கோணினால் எடுக்க அதில் கொஞ்சம் இரும்பு மிச்சம் இருக்க வேண்டும்.

முகம் எடுத்து வந்தால், அன்றைக்கே சோப்புத் தண்ணீரில் பிளாக்கை முழுக்கக் கழுவி, எண்ணெய்ப் பாதைகளில் பிரஷ் விட்டு, காற்றடித்துக் காய வைத்து எண்ணெய் தடவுங்கள். நம் கடற்கரைக் காற்றில் புதிதாக வெட்டிய வார்ப்பிரும்பு ஒரே ராத்திரியில் பழுப்பேறிவிடும். ஸ்டட் துளைகளில் தண்ணீரோ எண்ணெயோ தேங்கவிடாதீர்கள், ஸ்டட் இறங்கும்போது அது போக இடமில்லாமல் பிளாக்கையே பிளந்துவிடும். பிறகு மறுபடி கிராங்க், பிஸ்டன், டயல் கேஜ், நான்கு அளவு. ராடு வளைந்திருக்கிறதா என்பது முதல் அளவிலேயே தெரிந்துவிடும். பட்டறைக்கு பிளாக்கை ஏற்றுவதற்கு முன் அந்த நான்கு எண்ணையும், பிஸ்டனின் பின் உயரத்தையும், ஹெட் குழியின் சி.சி.யையும் எழுதி அனுப்புங்கள். எத்தனை தௌ எடுக்கலாம் என்று கணக்குப் போட்டுச் சொல்கிறேன்.